ஆள் இல்லாத கடைக்கு என்ன நிறம்?

இரண்டு மணி நேரம் நீலத்தைப் பற்றிப் பேசினார்கள். மேஜைமேல் விசிறிபோல் விரித்துவைத்த நிற அட்டையில் நீலம் மட்டுமே இருபது வகைக்குக் குறையாது. நிறுவனத்தின் சின்னத்தில் உள்ள நீலமும் பெட்டியின் நீலமும் அச்சு அசலாக ஒன்றாக இருந்தே ஆகவேண்டும் என்று ஓர் இளைஞர் வாதாடினார். வெயிலில் வெளுத்துப்போகும் என்றார் இன்னொருவர். கறுப்பு என்றால் கெத்தாக இருக்குமே என்றார் மூன்றாமவர்.

வரி, மின்கட்டணம், தொலைபேசிக் கட்டணம் எல்லாவற்றையும் ஆள் துணையில்லாமல் நாமே கட்டிக்கொள்வதற்கான சுயசேவை இயந்திரம் அது. பெங்களூரில் செய்து தமிழ்நாட்டின் சில ஊர்களில் நிறுத்துவதாகத் திட்டம். முகப்பில் வரவேண்டிய தமிழ் வாசகங்களைச் சரிபார்க்க என்னை அழைத்திருந்தார்கள். கடைசி ஐந்து நிமிடத்தில் என் முறை வந்தது. "ஆறே வார்த்தைதான் சார். இங்கேயே முடிச்சிடலாம்."

ஏற்கனவே யாரோ மொழிபெயர்த்து வைத்திருந்தார்கள். எண்களை அழுத்திய பிறகு தொடவேண்டிய பொத்தானில் 'நுழை' என்று இருந்தது. எங்கே நுழைவது, பெட்டிக்குள்ளேயா? நான் சிரித்தேன். வேறு யாரும் சிரிக்கவில்லை. அந்த அறையில் தமிழ் படிக்கத் தெரிந்தவர் என்னைத் தவிர ஒருவருமில்லை.

இந்தப் பெட்டிகளை ஆங்கிலத்தில் கியோஸ்க் என்கிறார்கள். பாரசீகத்திலிருந்து துருக்கி வழியாக ஐரோப்பாவுக்குப் போன சொல். தோட்டத்தின் நடுவே நாலு பக்கமும் திறந்து நிற்கும் சிறு மண்டபத்துக்குத்தான் முதலில் அந்தப் பெயர். பிறகு பாரிஸ் வீதிகளில் செய்தித்தாள் விற்கும் கூண்டுக்கு வந்தது. நம் ஊரில் அதற்கு அருமையான சொல் இருக்கிறது: பெட்டிக்கடை. மண்டபமோ கூண்டோ பெட்டிக்கடையோ, உள்ளே ஓர் ஆள் இருந்தார். அவர்தான் விளம்பரப் பலகை, அவர்தான் விசாரணை அலுவலகம். "இங்கே பில் கட்டலாமாங்க?" என்று கேட்டால், "இல்லீங்க, அந்தப் பக்கம் போங்க" என்று பதில் வரும். சுயசேவை இயந்திரத்தில் அந்த ஆளைத்தான் எடுத்துவிட்டோம். இனி அவர் சொல்லிக்கொண்டிருந்ததையெல்லாம் சொல்லவேண்டியது பெட்டியின் மேல்தோல்தான். அதன் நிறம், பளபளப்பு, எழுத்து, எழுத்தின் உயரம். சின்னத்தின் நீலத்துக்கு இரண்டு மணி நேரமும் எழுத்துக்கு ஐந்து நிமிடமும் ஒதுக்குவது எனக்கு உறுத்தியது அதனால்தான். மொழிபெயர்ப்பாளனின் தன்மானப் பிரச்சினையும் கொஞ்சம் உண்டு, மறைப்பானேன்.

நிறத்தைக் குறைத்துச் சொல்லவில்லை. தபால்பெட்டியின் கதையே அதற்குச் சாட்சி. இங்கிலாந்தில் 1850களில் தெருவோரம் தபால்பெட்டிகள் வைக்க ஆரம்பித்தபோது, பார்வைக்கு உறுத்தக்கூடாது என்று பின்னர் பச்சை நிறத்தை வழக்கமாக்கினார்கள். அது உறுத்தவேயில்லை, அதுதான் வினையாகப் போயிற்று. பெட்டி எங்கே இருக்கிறது என்று தெரியாமல் ஜனங்கள் தேடினார்கள். 1874இல் சிவப்புக்கு மாற ஆரம்பித்து, எல்லாப் பெட்டிகளுக்கும் வண்ணம் அடித்து முடிக்கப் பத்து ஆண்டு ஆனது. அந்தச் சிவப்புதான் கப்பலேறி நம் தெருமுனைக்கும் வந்தது. லண்டனின் புகழ்பெற்ற தொலைபேசிக் கூண்டை வடிவமைத்த சர் கைல்ஸ் கில்பர்ட் ஸ்காட், அதற்கு வெள்ளி நிறம்தான் பொருத்தம் என்று நினைத்தார். தபால் துறை கேட்கவில்லை, சிவப்பு அடித்தது. கலைஞரின் ரசனைக்கும் தெருவில் அவசரமாக வருபவரின் கண்ணுக்கும் நடந்த போட்டியில் இரண்டு முறையும் ஜெயித்தது கண்தான்.

நமக்கு இதைவிட நெருக்கமான உதாரணம் மஞ்சள் பலகை. 1980களின் இறுதியிலிருந்து ஊர்தோறும் முளைத்த எஸ்.டி.டி. பூத்துகளை நாற்பது வயதைத் தாண்டியவர்கள் மறந்திருக்க முடியாது. சாம் பிட்ரோடா பெயரோடு சேர்த்துப் பேசப்படும் தொலைபேசிப் புரட்சியின் தெருமுகம் அது. ஒவ்வொரு பூத்தும் ஒவ்வொரு தனிநபருடையது. அவர்களில் மாற்றுத்திறனாளிகள் ஏராளம்; அனுமதி தருவதில் அவர்களுக்கு முன்னுரிமை இருந்தது. ஆனால் காஷ்மீரிலிருந்து கன்னியாகுமரிவரை பலகையின் நிறம் ஒன்றுதான். மஞ்சளில் கறுப்பு எழுத்து என்றால் தூரத்திலிருந்தே கண்ணில் படும். இரவு பதினொரு மணிக்குத் தெரியாத ஊரில் பஸ்ஸிலிருந்து இறங்கினால், பாஷை தெரியவேண்டாம், படிக்கக்கூடத் தெரியவேண்டாம். மஞ்சள் தெரிந்தால் வீட்டோடு பேசிவிடலாம். அந்த நிறம் கடைக்காரருக்குச் சொந்தமாக இருக்கவில்லை, சேவைக்குச் சொந்தமாக இருந்தது.

பிறகு வந்த ஏ.டி.எம். கூண்டுகளில் கதை தலைகீழ். லண்டனின் என்ஃபீல்டில் 1967 ஜூன் 27 அன்று பார்க்லேஸ் வங்கி நிறுவிய முதல் பண இயந்திரத்தை உருவாக்கிய ஜான் ஷெப்பர்டு-பாரன் நம் ஷில்லாங்கில் பிறந்தவர் என்பது உபரித் தகவல். இந்தியாவில் முதல் இயந்திரத்தை 1987இல் மும்பையில் வைத்தது ஹெச்.எஸ்.பி.சி. வங்கி. அப்போதிலிருந்தே வங்கிக்கு ஒரு நிறம். தன் வங்கியின் நிறத்தைத் தேடிப்போக வேண்டியிருந்த காலத்தில் அதில் நியாயம் இருந்தது. 2009 ஏப்ரல் 1 முதல் எந்த வங்கியின் அட்டையையும் எந்த இயந்திரத்திலும் கட்டணமில்லாமல் பயன்படுத்தலாம் என்று ரிசர்வ் வங்கி வழிசெய்தது. (பிறகு அதற்கு மாத வரம்பு வந்தது.) அதோடு நிறங்களின் அர்த்தம் பாதி போய்விட்டது. ஆனாலும் நிறங்கள் போகவில்லை. 2012இல் வங்கியல்லாத நிறுவனங்களும் சொந்தப் பெயரில் இயந்திரம் வைக்கலாம் என்று அனுமதி வந்தது. அடுத்த ஆண்டே டாட்டாவின் இண்டிகேஷ் வந்தது. இதற்கு 'வெள்ளை லேபிள்' என்று பெயர். இயந்திரம் வேறொருவருடையது, முகத்தில் மட்டும் வங்கியின் பெயர் என்றால் 'பழுப்பு லேபிள்'. இரண்டிலும் வெள்ளையும் கிடையாது, பழுப்பும் கிடையாது. இந்தத் தொழிலில் லேபிள் என்பது நிறத்தைக் குறிப்பதல்ல, யார் முகத்தை யார் மாட்டிக்கொள்வது என்ற ஒப்பந்தத்தைக் குறிப்பது. வாசலில் நிற்பவரின் கேள்வி இவற்றில் எதுவுமல்ல. என் பணம் இதில் வருமா, வராதா?

கூட்டம் முடிந்த இரண்டு நாள் கழித்து, மாதிரிப் பெட்டி தயாராகிறது, வந்து பாருங்கள் என்று பீன்யாவுக்கு அழைத்துப்போனார்கள். பெங்களூரின் வடமேற்கே உள்ள பெரிய தொழிற்பேட்டை. தகரக் கூரைக்குக் கீழே ஒரு பவுடர் கோட்டிங் பட்டறை. பொறுப்பாளர் தர்மபுரிக்காரர். நான் தமிழ் என்று தெரிந்ததும், மற்றவர்களிடம் சொல்லாததையெல்லாம் என்னிடம் சொல்ல ஆரம்பித்தார்.

தகட்டைக் கழுவி, எண்ணெய்ப் பிசுக்கும் துருவும் நீக்கி, பாஸ்பேட் கரைசலில் முக்கி உலர்த்துகிறார்கள். பிறகு மின்னேற்றம் செய்த பவுடரைத் துப்பாக்கியால் தூவினால் தகட்டில் போய் ஒட்டிக்கொள்கிறது. அப்படியே அடுப்பில் தொங்கவிட்டு, சுமார் 200 டிகிரி சூட்டில் பத்துப் பதினைந்து நிமிடம். பவுடர் உருகித் தோல்போல் படிந்துவிடுகிறது. பார்க்க எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும். வித்தியாசம் முதல் இரண்டு மழைக்காலத்தில் தெரியும். "கழுவுறதுல காசு மிச்சம் புடிப்பாங்க சார். வெட்டுன ஓரத்துலேர்ந்து துரு கெளம்பும். மேல எந்தக் கலர் அடிச்சா என்ன?" எபாக்ஸி பவுடர் உள்ளறைக்குச் சரி. வெயிலில் நின்றால் சுண்ணாம்புபோல் உதிரும். வெளியே நிற்கும் பெட்டிக்குப் பாலியெஸ்டர்தான் போடவேண்டும். கூட்டத்தில் நீலத்தைப் பற்றிப் பேசியவர்களில் ஒருவரும் இதைக் கேட்கவில்லை.

பளபளப்பு கூடாது என்பது அவருடைய இன்னொரு கட்சி. கண்ணாடிபோல் மினுங்கும் பரப்பில் கைரேகை தெரியும், கீறல் தெரியும், மேற்கு பார்த்து வைத்தால் சாயங்கால வெயில் திருப்பி அடித்து எழுத்தே தெரியாது. சொரசொரப்பான மங்கல் பூச்சுதான் உழைக்கும். கறுப்பு கெத்துதான், ஆனால் மே மாதம் வேலூரில் மதியம் இரண்டு மணிக்கு அதைத் தொட்டுப் பார்க்கவேண்டும். தொள்ளாயிரம் மீட்டர் உயரத்தில் ஏ.சி. இல்லாமலே உட்கார்ந்து பேசும் ஊரில் இது சட்டென்று நினைவுக்கு வராது. துருப்பிடிக்காத எஃகு என்றால் 304 ரகம் இங்கே போதும், சென்னைக் கடற்கரைக்கு 316 வேண்டும். உப்புக்காற்று மற்றதில் பழுப்புப் புள்ளி போட்டுவிடும். கடைகளின் முகப்பில் பளபளக்கும் அலுமினியப் பலகை மலிவு, வேலையும் சுலபம். ஆனால் பல ரகங்களின் நடுவே இருப்பது பிளாஸ்டிக். 2017இல் லண்டன் கிரென்ஃபெல் அடுக்குமாடித் தீயில் 72 பேர் இறந்தபோது, நெருப்பு அவ்வளவு வேகமாக ஏறியதற்கு முக்கியக் காரணமாகச் சொல்லப்பட்டது அந்த வகைப் பலகைதான். உள்ளே மின்கம்பிகள் ஓடும் பெட்டிக்குப் போர்த்துவதற்கு முன் ஒருமுறை யோசிக்கலாம்.

இவ்வளவும் சொன்னவர், சுவரில் சாய்த்துவைத்திருந்த ஒரு பழைய பெட்டியைக் காட்டினார். மூன்று வருடம் ஏதோ ஓர் ஊரில் நின்றுவிட்டு மறுபூச்சுக்காக வந்திருந்தது. உச்சியில் நிறுவனத்தின் சின்னம் நேற்று ஒட்டியதுபோல் இருந்தது. கீழே, பணம் போடும் வாயின் பக்கத்தில், வழிமுறைகள் எழுதியிருந்த ஸ்டிக்கர் ஓரங்கள் சுருண்டு, பாதி எழுத்து காணாமல் போயிருந்தது.

"லோகோவ எவனும் தொடமாட்டான் சார். எழுத்தத்தான் வெரல் வெச்சிப் படிப்பான். அதான் எழுத்து மொதல்ல போகுது."

இதற்கு வழியில்லாமல் இல்லை. பாலிகார்பனேட் தகட்டின் பின்பக்கத்தில் எழுத்தைத் தலைகீழாக அச்சிட்டு ஒட்டினால் எத்தனை ஆயிரம் விரல் தொட்டாலும் அழியாது. எஃகில் செதுக்கி வண்ணம் நிரப்பலாம். செலவு கொஞ்சம் கூடும். சின்னத்துக்கு உள்ளே விளக்கு வைக்கப் பணம் ஒதுக்கியிருந்தார்கள். அதைவிட இது குறைவாகத்தான் இருந்திருக்கும்.

விரலால் படிப்பவர்கள் வேறொரு வகையிலும் உண்டு. 2014 ஜூலை முதல் புதிதாக வைக்கும் ஏ.டி.எம்.கள் எல்லாம் பேசும் இயந்திரங்களாக, பிரெய்ல் பொத்தான்களோடு இருக்கவேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. எந்த எண் பலகையிலும் 5இன் மேல் ஒரு சிறு மேடு இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். பார்வையற்றவரின் விரலுக்கு அதுதான் மைல்கல். கட்டணப் பெட்டிகளைச் செய்பவர்கள் வழுவழுப்பான தொடுதிரையை வைத்துவிட்டு மேட்டை எடுத்துவிடுகிறார்கள். இதைக் கேட்டபோது எனக்குக் கிடைத்த பதில், "அடுத்த மாடலில் பார்க்கலாம்."

முகப்பின் அழகு உயிர்ப் பிரச்சினையாவதும் உண்டு. 2013 நவம்பர் 19 காலை பெங்களூரில் ஓர் ஏ.டி.எம். அறைக்குள் நுழைந்த ஆள், ஷட்டரை உள்ளிருந்தே இறக்கிவிட்டு, பணம் எடுக்க வந்த பெண்ணை வெட்டிவிட்டுப் போனான். அவர் உயிர் பிழைத்தார். வெளியே நகரம் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தது. உள்ளே நடந்தது யாருக்கும் தெரியவில்லை. காவலாளி இல்லாத நூற்றுக்கணக்கான ஏ.டி.எம்.களை அப்போது மூடவைத்தார்கள். காவலாளியைப் பற்றி எல்லோரும் பேசினார்கள். கண்ணாடியைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு. கடன் வாங்குங்கள், வைப்புநிதி போடுங்கள் என்று கதவு முழுக்க விளம்பரப் படம் ஒட்டினால், உள்ளே இருப்பவரை வெளியே இருப்பவர் பார்க்கமுடியாது. இடுப்பிலிருந்து தலைவரை கண்ணாடி வெறுமையாக இருக்கட்டும் என்பது ஒரு வடிவமைப்பு முடிவுதான். அதில் விளம்பரத்துக்கு இடமில்லை என்பதால் யாரும் அந்த முடிவை எடுக்க விரும்புவதில்லை.

இனி மொழி. பெங்களூரில் இதைப் பேசாமல் எந்தப் பலகையையும் மாட்டமுடியாது. 2011 அக்டோபரில் ஓட ஆரம்பித்த நம்ம மெட்ரோவின் பலகைகளில் கன்னடம், ஆங்கிலத்தோடு இந்தியும் இருந்தது. 2017இல் இது ஏன் என்று கேள்வி எழுந்து போராட்டமானது. மெஜஸ்டிக், சிக்பேட்டை நிலையங்களில் இந்தி எழுத்தின்மேல் காகிதம் ஒட்டினார்கள். முதல்வர் சித்தராமையா மத்திய அரசுக்குக் கடிதம் எழுதினார். இந்தி நீங்கியது. அடுத்தது 2023 டிசம்பர். ஆங்கிலப் பலகைகள் உடைந்தன. 2024 பிப்ரவரியில் சட்டத்திருத்தம்: பலகையில் 60 சதவீதம் கன்னடம், அதுவும் மேல்பாதியில். தமிழ்நாட்டில் கடைப் பலகைகளுக்குத் தமிழ், ஆங்கிலம், பிறமொழி 5:3:2 என்ற கணக்கு நெடுநாளாக இருக்கிறது. இங்கே இருக்கும் பெட்டியில் கன்னடம் முதலில் வரவேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. நாற்பது வருடம் இங்கே இருந்துவிட்டு, "தமிழில் இல்லையா?" என்று கேட்பவர்களை எனக்குப் பிடிப்பதில்லை. ஆனால் சட்டம் அளப்பது எழுத்தின் பரப்பை. அது புரிகிறதா என்பதை எந்த அளவுகோலும் அளப்பதில்லை. 60 சதவீத இடத்தில் பண்டிதக் கன்னடத்தில் எழுதினாலும் சட்டம் திருப்தியடையும், என் பக்கத்துவீட்டு ஹாசன்காரம்மா திருப்தியடையமாட்டார்.

புரியவைப்பதில் இதே கர்நாடகம் ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறது. 2001 வாக்கில் தாலுகா அலுவலகங்களுக்கெல்லாம் பரவிய பூமி திட்டம். நிலப் பதிவேட்டின் நகலை, இங்கே பஹணி என்பார்கள், அப்போது 15 ரூபாய் கட்டி விவசாயி வாங்கிக்கொள்ள முடிந்தது. அங்கே ஊழியர் ஒருவர் இருந்தார். ஆனால் அவர் பார்க்கும் திரையோடு, விவசாயியைப் பார்த்து இன்னொரு திரையும் வைத்திருந்தார்கள். என்ன தட்டச்சு செய்கிறார், யார் பெயர் வருகிறது என்று கவுன்டருக்கு இந்தப் பக்கம் நிற்பவர் கன்னடத்தில் பார்க்கலாம். அந்த கியோஸ்க்கின் நிறம் யாருக்கும் நினைவிருக்காது. திரை தன்னைப் பார்த்துத் திரும்பியிருந்தது விவசாயிக்கு நினைவிருக்கும்.

என் ஆறு வார்த்தைகளுக்கு வருகிறேன். 'நுழை' என்பதற்குப் பதில் 'சரி'. 'ரத்துசெய்' என்பதற்குப் பதில் 'வேண்டாம்'. 'பரிவர்த்தனைச் சீட்டு' என்பதை 'ரசீது' என்று மாற்றினேன். 'உதவி' என்பதன் கீழே ஒரு தொலைபேசி எண், பெரிதாக. முதுகலைத் தமிழ் படித்துவிட்டு 'சரி', 'வேண்டாம்' என்று எழுதிக்கொடுப்பதற்கா கூலி என்று அவர்கள் நினைத்திருக்கலாம். கொஞ்சம் 'ஸ்டாண்டர்டாக' இருக்கவேண்டாமா என்று கேட்டார்கள். ரேஷன் கடையில் பில் போடும் பெண் "சரிங்களா?" என்றுதான் கேட்கிறார், "உள்ளிடட்டுமா?" என்று கேட்பதில்லை என்றேன். 'சரி' தேறியது. 'வேண்டாம்' பொத்தானுக்குள் அடங்கவில்லை. ஆங்கில வார்த்தையை அளந்து வெட்டிய பொத்தான். எழுத்தை நசுக்கலாமா என்று கேட்டார்கள். பொத்தானை அகலமாக்கலாமே என்றேன். அந்த யோசனை அவர்களுக்கு உண்மையிலேயே புதிதாக இருந்தது.

மாதிரிப் பெட்டிக்கு ஸ்டிக்கர் வெட்டி வந்தபோது இன்னொரு விபத்து. வடிவமைப்பு மென்பொருளுக்குத் தமிழ் எழுத்துகளைக் கோக்கத் தெரியவில்லை. 'செலுத்த' என்பதில் முன்னால் நிற்கவேண்டிய கொம்பு, எழுத்துக்குப் பின்னால் போய் விழுந்திருந்தது. 'தொகை'யின் கொம்பும் காலும் ஆளுக்கொரு பக்கம். நீலம் மட்டும் அப்பழுக்கில்லாமல் சின்னத்தோடு பொருந்தியிருந்தது. தர்மபுரிக்காரர்தான் முதலில் பார்த்தவர். ஒட்டாமல் நிறுத்திவைத்து எனக்கு போன் செய்தார். "எனக்கு எட்டாவதுதான் சார். ஆனா இது தப்புன்னு தெரியுது."

திருத்தி ஒட்டினார்கள். பெட்டி நீலமாகவே போயிற்று. மங்கல் பூச்சு கிடைத்தது, பின்பக்க அச்சு கிடைக்கவில்லை.

எங்கள் தெருமுனையில் ஒரு குடிநீர்ப் பெட்டி உண்டு. கன்னடத்தில் 'சுத்த குடியுவ நீரின கடக'. பல காலம் 5 ரூபாய் நாணயம் போட்டால் 20 லிட்டர் தந்துகொண்டிருந்தவை. 2024 மார்ச் தட்டுப்பாட்டில் நகரமே கேன்களோடு இவற்றின்முன் வரிசையில் நின்றது. எங்கள் பெட்டியின் முகப்பில் நாலு தலைவர்களின் படம். தேர்தல் அறிவித்தால் அவற்றின்மேல் காகிதம் ஒட்டுவார்கள், முடிந்ததும் கிழிப்பார்கள். கிழியும்போது, படங்களுக்குக் கீழே சின்னதாக எழுதியிருந்த வழிமுறையும் ஒவ்வொரு முறை கொஞ்சம் கிழிந்து, இப்போது இல்லவேயில்லை. நாணயம் போடும் துளையைச் சுற்றி யாரோ சிவப்பு நகப்பூச்சால் ஒரு வட்டம் போட்டிருக்கிறார்கள். பக்கத்தில் ஓர் அம்புக்குறி. அழிய அழிய யாரோ திரும்பப் போடுகிறார்கள்.